மூச்சு முந்தட்டும்



யோகா வகுப்புக்குப் போய் வருகிறவர்களிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், ஆசனங்களின் பெயர்தான் முதலில் வரும். அந்த ஆசனத்தில் இருக்கும்போது மூச்சு எப்படி ஓடியது என்று சொல்கிறவர்கள் குறைவு. யோகத்தின் பலனில் பெரும்பங்கு அந்த மூச்சில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சில் சுமார் 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லி அளவு தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் தங்கி, இரத்தத்தில் சேராமலே வெளியே வந்துவிடும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லிட்டர். நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்ச் சேருவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 24 குட்டி மூச்சுகளாக இழுத்தால் வெறும் 2.4 லிட்டர்தான் சேரும். 6 நீண்ட மூச்சுகளாக இழுத்தால் 5.1 லிட்டர். பதற்றத்தில் மேல்மூச்சு வாங்குகிறவர் எவ்வளவு இழுத்தும் போதவில்லை என்று தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றை உங்கள் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, இன்னும் மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். சிலருக்கு இது விரலுக்கே தெளிவாகத் தெரியும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு வெளிமூச்சின்போது கூடுதலாக வேலை செய்வதுதான் காரணம். மனத்தை நேரடியாக அடக்க முடியாமல் தவிக்கிற நமக்கு, உடம்பின் வழியே திறந்திருக்கும் கதவு இது.

இத்தாலியின் பவியா நகரத்து மருத்துவ ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்கிறவர்களுக்கும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்று ஜபிக்கிறவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற கதிக்குத் தானாகவே இறங்கிவிடுகிறது என்று கண்டார்கள். அந்தக் கதியில் இதயமும் இரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று நன்றாக இசைந்துபோகின்றன. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் மூச்சு ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கிறது.

ஆசனத்தில் இந்த நிதானமான மூச்சை எப்படிச் சேர்ப்பது? 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் கற்பித்து, பின்னர் சென்னைக்கு வந்து, 1989இல் நூறு வயது கடந்து மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சார்யா இதற்கு வழி காட்டியிருக்கிறார். அவர் மகன் தேசிகாச்சாரும் அதையே கற்பித்தார். கையைத் தூக்க வேண்டுமா? முதலில் உள்மூச்சு தொடங்கட்டும்; அதன் பிறகு கை எழட்டும். கை மேலே போய் நின்ற பிறகும் மூச்சு ஒரு கணம் நீளட்டும். இறக்கும்போதும் அப்படியே, வெளிமூச்சு முந்தட்டும். மூச்சு தடுமாறினால் அன்றைக்கு உடம்பின் எல்லை அதுதான். பக்கத்துப் பாயில் இருப்பவர் பாதத்தைத் தொடுகிறாரே என்று பார்க்க வேண்டாம்.

திருமந்திரத்தில் திருமூலர் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை நேரம், உள்ளே அடக்கும் கும்பகத்துக்கு 64, வெளியே விடும் ரேசகத்துக்கு 32 என்று அளவு வகுத்திருக்கிறார். இழுப்பதைப் போல இரு மடங்கு நேரம் விட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஆனால் இந்த 64ஐப் படித்துவிட்டு வீட்டில் தனியாக மூச்சை அடக்கிப் பார்ப்பது ஆபத்து. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது. கபாலபாதி போன்ற வேகப் பயிற்சிகளும் அவர்களுக்கு வேண்டாம். வேகவேகமாக இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அது பயிற்சி பலிப்பதன் அறிகுறி அல்ல, உடனே நிறுத்திவிடுங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை விட்டுவிடாதீர்கள்.

தொடங்குகிறவர்களுக்கு வழி எளிது. வயிறு காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு கணக்காகிவிடும். திணறலாக இருந்தால் மூன்றுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போதும்.