காக்கர் சிட்டியின் கயிற்று உருண்டை

வைக்கோல் கட்டைப் பிரித்து மாட்டுக்குப் போட்டபின் மிஞ்சும் கயிற்றை என்ன செய்வீர்கள்? தொழுவத்தில் அப்படியே விடாதீர்கள். தீவனத்தோடு மாடு அதை விழுங்கினால் வயிற்றில் சிக்கிக்கொள்ளும். ஒரு விவசாயி அதைச் சேர்த்து என்ன செய்தார், கேளுங்கள்.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவே காக்கர் சிட்டி என்று ஓர் ஊர். பெயரில்தான் சிட்டி, 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஐந்நூறைத் தொடவில்லை. ஊருக்கு யார் பெயரை வைப்பது என்று நிறுவனர்கள் நான்கு பேரும் சீட்டாடித் தீர்த்தார்களாம். காக்கர் என்பவர் ஜெயித்தார். அங்கே பிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி, 1953-இல் களஞ்சியத்தில் கிடந்த துண்டுக் கயிறுகளை முடிந்து, ஒரு உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தார். நாலே வருஷத்தில் எட்டடி உயரம்!

இது கற்றாழை நாரில் திரித்த கயிறு. எனக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டு. வைக்கோல் கட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்த்தே பல வருஷம் பிழைத்தவன் நான். அந்த இயந்திரத்தில் முடிச்சுப் போட ஒரு சின்ன இரும்பு அலகு இருக்கும், கிளிமூக்கு மாதிரி. ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்று முனையைக் கவ்வி இழுத்தால் முடிச்சு விழுந்துவிடும். ஒருமுறை இயந்திரம் கட்டவே மாட்டேன் என்கிறது என்று ஒருவர் கூப்பிட்டார். பிரித்தால், அலகு நிறைய நார்த்தூசி. ஊதிவிட்டேன், ஓடியது. கூலி கேட்கத்தான் கூச்சமாக இருந்தது!

சரி, உருண்டைக்கு வருகிறேன். 1961-இல் ஸ்டோபர் அதை ஊருக்கே கொடுத்துவிட்டார். 1974-இல் அவர் காலமானபோது குறுக்களவு பதினோரு அடி. ஊரார் நிறுத்தவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் கூடிச் சுற்றுகிறார்கள். இன்று எடை ஒன்பது டன்னுக்கும் மேல். தன் பாரத்திலேயே அடிப்பக்கம் சப்பி உட்கார்ந்திருக்கிறது. நாலு பக்கமும் திறந்த கொட்டகை. கிட்டே போனால் பழைய சாக்குக் கிடங்கின் வாசனை. நடைபாதையில் கயிறு ஓடுவதுபோல் கோடு வரைந்திருக்கிறார்கள். கடைக் கண்ணாடிகளில் உலகப் புகழ்பெற்ற ஓவியங்களின் நகல்கள்; மோனாலிசா கையிலும் ஒரு உருண்டை!

உருண்டை வளர்ந்தாலும் ஊர்கள் வளரவில்லை. பெரிய இயந்திரங்கள் வந்தபின் வயல் வேலைக்குக் குறைந்த ஆட்களே போதும். அந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் சுருங்கிவிட்டன. வட்டக் கட்டுகளுக்குக் கயிற்றுக்குப் பதில் பிளாஸ்டிக் வலையும் வந்துவிட்டது.

காக்கர் சிட்டி உருண்டைக்கு ஒரு போட்டியும் உண்டு. மின்னசோட்டாவின் டார்வின் ஊரில் பிரான்சிஸ் ஜான்சன் என்பவர் 1950-இல் தொடங்கி, 29 ஆண்டுகள் தனி ஆளாகச் சுற்றிய உருண்டை ஒன்று இருக்கிறது. குறுக்களவு பன்னிரண்டு அடி. தனி ஒருவர் சுற்றியதில் அதுதான் பெரிது என்பது அவர்கள் கட்சி. ஆனால் அது கண்ணாடிக்குள் இருக்கிறது, பார்க்கத்தான் முடியும். காக்கர் சிட்டியில் வழிப்போக்கர் கையிலும் கயிறு கொடுத்துச் சுற்றச் சொல்கிறார்கள். என் ஓட்டு காக்கர் சிட்டிக்குத்தான்.

கான்சஸ் பக்கம் பிள்ளைகள் வேலையில் இருக்கும் நேயர்களே, அடுத்தமுறை போகும்போது ஆகஸ்டாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள். நீங்களும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்து, நம் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.