லினக்ஸுக்கு இசைந்த கணினியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப் பணி ஆற்றிய ஒரு சங்கத்தின் மேடையில் கணினியைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். கணினியின் பெருமைகளை அடுக்கி உங்கள் பொழுதைப் போக்க நாங்கள் எண்ணவில்லை. படிப்பகத்திற்கோ வீட்டிற்கோ கணினி வாங்கப் புறப்படும் ஒருவர் கடையில் எதைக் கேட்க வேண்டும், எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், எதை வேண்டாமென்று மறுத்து வர வேண்டும் என்பதையே கூற வந்திருக்கிறோம். சங்கத்தின் பணம் உறுப்பினர்களின் சந்தாவால் சேர்ந்த பணம். அதில் வாங்கிய ஒரு கணினி மூலையில் முடங்குமானால், அதன் முன் அமர்ந்து கற்றிருக்க வேண்டிய மாணவர்கள் எத்தனை பேர் என்பதையே நாம் இழப்பாகக் கணக்கிட வேண்டும்.

இப்பொழுது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10 இயக்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், இன்டெல் செயலி ஆயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாததையும் கேட்கிறது. இதனால் உடலில் யாதொரு குறையுமற்ற கணினிகள் பல அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டுப் பழைய பொருள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. விலை குறைவு; உறுதியோ மிகுதி. லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவினால் அவற்றுள் பல இன்னும் சில ஆண்டுகள் செவ்வனே உழைக்கும். ஆனால் எல்லாக் கணினியும் லினக்ஸுக்கு ஒரே அளவில் இசைவதில்லை. இந்த வேறுபாட்டை அறிந்து வாங்குவதே அறிவுடைமை.

லினக்ஸ் நம் இளைஞர்களுக்கு முற்றிலும் புதியதன்று. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயக்குதளமும் வழங்கப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. கையில் இருந்தும் அதனைத் திறந்து பாராமல் விட்டவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

இயக்கி என்பது யாது?

கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும், அதாவது திரையை இயக்கும் சில்லுக்கும், வைஃபைக்கும், ஒலிக்கும், அச்சுப்பொறிக்கும், அவற்றோடு பேசத் தெரிந்த ஒரு சிறு மென்பொருள் வேண்டும். அதனையே இயக்கி என்கிறோம். விண்டோஸுக்கு இயக்கி எழுதித் தருவதை வன்பொருள் நிறுவனங்கள் தம் கடமையாகக் கொள்கின்றன. லினக்ஸுக்கோ சில நிறுவனங்கள் தருகின்றன, சில தருவதில்லை. ஒரு பொருள் லினக்ஸில் இயங்குமா என்னும் கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

1991ஆம் ஆண்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதத் தொடங்கினார். தம்மிடம் இருந்த ஏ.டி. வகை நிலைவட்டைத் தவிர வேறு வட்டுகளை அது ஒருபோதும் ஏற்காது போலும் என்று அந்நாளில் அவரே எழுதினார். இன்றோ கைப்பேசிகளின் ஆண்ட்ராய்டும் அந்தக் கருவின்மேல் நிற்கிறது. 2017 நவம்பர் பட்டியல் முதல், உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகள் அனைத்திலும் லினக்ஸே இயங்குகிறது. உலகெங்கும் உள்ள பொறியாளர்களும் தன்னார்வலர்களும் ஆளுக்கோர் இயக்கியாக எழுதிச் சேர்த்ததால் விளைந்த வளர்ச்சி இது.

இயக்கியின் மூலநிரலை மறைப்பதால் வரும் இடரை ரிச்சர்டு ஸ்டால்மன் முன்பே கண்டார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஒரு லேசர் அச்சுப்பொறி அடிக்கடி தாளில் சிக்கி நின்றது. அதன் மென்பொருளைச் சீர்செய்ய அவர் மூலநிரல் கேட்டார், அது மறுக்கப்பட்டது. அத்தகைய பட்டறிவுகளின் பின்னரே 1983இல் குனு திட்டத்தை அவர் அறிவித்தார். லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் கருவைச் சூழ நிற்கும் அடிப்படைக் கருவிகள் அந்தத் திட்டத்தில் பிறந்தவையே.

உறுப்பு உறுப்பாகப் பார்ப்போம்

முதலாவது, செயலி. இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரண்டும் நன்கு இயங்கும். 64 பிட் செயலிதானா என்பதை மட்டும் உறுதி செய்க. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 பதிப்பில், 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதி நீக்கப்பட்டுவிட்டது. மிகப் பழைய கணினியை இலவசமாகத் தந்தாலும் இதைக் கேட்ட பின்னரே பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, திரையை இயக்கும் வரைகலைச் சில்லு. இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் வரைகலைக்கான திறந்த இயக்கிகள் லினக்ஸின் கருவிலேயே இடம் பெற்றிருக்கின்றன; தனியே எதையும் தேட வேண்டியதில்லை. என்விடியா சில்லுகளின் நிலை வேறு. அந்நிறுவனத்தின் இயக்கி நெடுங்காலம் மூடியதாகவே இருந்தது. 2022 மே மாதத்தில்தான் அதன் கருப்பகுதியைப் புதிய சில்லுகளுக்குத் திறந்து வெளியிட்டது. பழைய என்விடியா சில்லுகளுக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்தும்பொழுது, புதிய லினக்ஸ் பதிப்புகளில் அதன் இயக்கி இசையாமற் போகும். எழுதவும் படிக்கவும் நிரல் கற்கவும் கணினி வாங்குவோர்க்கு என்விடியா தேவையில்லை. செயலியோடு இணைந்து வரும் வரைகலையே போதும். விலையும் குறைவு, மின்கலமும் நெடுநேரம் தாங்கும்.

மூன்றாவது, வைஃபை. மிகுதியாக ஏமாறும் இடம் இதுவே. இன்டெல் வைஃபை அட்டைகளும், பழைய அதெரோஸ் அட்டைகளும் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. பிராட்காம் சில்லுகளுள் பலவற்றிற்கு மூடிய இயக்கியைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு வைஃபை கருவிகளில் இன்னும் விழிப்பு வேண்டும். அட்டைப் பெட்டியின்மேல் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளிருக்கும் சில்லு மாறியிருக்கலாம். டிபி-லிங்க் நிறுவனத்தின் 722என் கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதற்பதிப்பில் அதெரோஸ் சில்லு இருந்தது. பின்வந்த பதிப்புகளில் ரியல்டெக் சில்லு இடம் பெற்றது. முதற்பதிப்பைப் புகழ்ந்த சொல்லை நம்பி அடுத்த பதிப்பை வாங்கியவர்கள் வேறொரு பொருளையே வாங்கினார்கள். ஆகையால் பொருளின் பெயரோடு பதிப்பு எண்ணையும் சில்லின் பெயரையும் கேளுங்கள்.

நான்காவது, நினைவகமும் வட்டும். பழைய கணினி மெதுவாக இயங்குவதற்குப் பெரும்பாலும் சுழலும் நிலைவட்டே காரணம். அதனை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால் கணினி புத்துயிர் பெறும். நினைவகம் 8 ஜிபி இருப்பது நலம். 4 ஜிபி எனில் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற இலகுவான முகப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நினைவகத்தையும் வட்டையும் கழற்றி மாற்ற இயலுமா என்று கேட்பது மிக இன்றியமையாதது. மலிவான மடிக்கணினிகள் சிலவற்றில் இரண்டும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்று குறைவானது என்றும் குறைவானதாகவே நிற்கும்.

ஐந்தாவது, கேமராவும் கைரேகை உணரியும். யு.வி.சி. என்னும் பொதுத்தரத்தைப் பின்பற்றும் கேமராக்கள் செருகியவுடன் இயங்கும். கைரேகை உணரிகளுள் சில மட்டுமே லினக்ஸில் இயங்குகின்றன. அதற்கெனக் கூடுதல் பணம் கொடாதீர்கள்.

ஆறாவது, அச்சுப்பொறி. கணினியே எல்லா வேலையையும் செய்ய வேண்டுமென்று எதிர்பார்க்கும் மலிவான லேசர் பொறிகள் சில, நிறுவனத்தின் தனி இயக்கியின்றி ஒரு வரியும் அச்சிடா. ஏர்பிரிண்ட் அல்லது ஐ.பி.பி. எவ்ரிவேர் என்னும் தரத்தை ஏற்கும் பொறிகளோ தனி இயக்கியின்றியே லினக்ஸில் அச்சிடுகின்றன. பெட்டியின்மேல் இந்தப் பெயர்களுள் ஒன்று உண்டா என்று பாருங்கள். எச்.பி. பொறிகளுக்கு அந்நிறுவனமே எச்.பி.எல்.ஐ.பி. என்னும் மென்பொருளைத் தருகிறது. ஆயினும் சில சிறு லேசர் பொறிகளுக்கு அதனுடன் மூடிய துணைக்கோப்பு ஒன்றையும் இறக்கிக்கொள்ள வேண்டும்.

விசைப்பலகையைப் பற்றிக் கவலை வேண்டா. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில், எந்த விசைப்பலகையைக் கொண்டும் லினக்ஸில் தட்டச்சு செய்யலாம். ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் அதற்கு உதவும்.

புதியது எப்பொழுதும் சிறந்ததா?

கடைக்கு நேற்று வந்திறங்கிய கணினியே சிறந்தது என்னும் எண்ணம் இளைஞர்களிடம் உண்டு. லினக்ஸைப் பொறுத்தவரை இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். சில்லு சந்தைக்கு வந்த பின்னரே அதன் இயக்கி முழுமை பெறுவதும், அதன் பின்னரே அது நாம் நிறுவும் பதிப்பை வந்தடைவதும் வழக்கம். டெபியன் போன்ற நிலையான பதிப்புகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வெளிவருகின்றன. ஆகவே ஓரிரண்டு ஆண்டுகள் கடந்த மாதிரியை வாங்குவோர் விலையிலும் இலாபம் அடைவர், தொல்லையினின்றும் தப்புவர். மிகப் புதிய கணினியே கைக்கு வந்துவிட்டதெனில், புதிய கருவைக் கொண்ட பதிப்பை நிறுவுங்கள்.

புதிய கணினிகள் சிலவற்றில், நிறுவும் வேளையில் வட்டே கண்ணுக்குத் தெரியாமற் போவதுண்டு. வட்டு ஆர்.எஸ்.டி. என்னும் முறையில் அமைக்கப்பட்டிருப்பது இதற்கு ஒரு காரணம். பயாஸ் அமைப்பில் அதனை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றினால் தெரியும். ஆனால் அவ்வாறு மாற்றினால் முன்பிருந்த விண்டோஸ் தொடங்காமல் போகலாம். கோப்புகளைப் படியெடுத்த பின்னரே இதில் கைவைக்க வேண்டும்.

பழைய கணினிகளுள், அலுவலகங்களுக்கென்றே செய்யப்பட்ட திங்க்பேட், லேட்டிடியூட், எலைட்புக் வரிசைகளை முதலில் தேடுங்கள். இவற்றைப் பொறியாளர்கள் பலர் லினக்ஸில் பயன்படுத்துவதால் குறைகள் விரைவில் கண்டறியப்பட்டுத் திருத்தப்படுகின்றன. உதிரி உறுப்புகளும் எளிதிற் கிடைக்கின்றன. வாங்குமுன் பயாஸ் அமைப்பினுள் நுழைந்து பாருங்கள். அங்கே பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு இருந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் வாங்காதீர்கள்.

கடையிலேயே செய்யத்தக்க சோதனை

இதுவரை கூறிய அனைத்தையும் மறந்துவிட்டாலும் இதனை மறவாதீர்கள். லினக்ஸை வட்டில் நிறுவாமலே, ஒரு பென் டிரைவிலிருந்து நேரே இயக்கிப் பார்க்கலாம். விற்பவரிடம் அரை மணி நேரம் அனுமதி கேளுங்கள். பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கிப் பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்:

1. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டோடு வைஃபை இணைகிறதா?
2. ஒலிபெருக்கியில் ஒலி வருகிறதா? மைக் குரலைப் பதிகிறதா?
3. கேமராவில் முகம் தெரிகிறதா?
4. திரையின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா?
5. மூடியை மூடித் திறந்தால் விட்ட இடத்திலிருந்து விழித்தெழுகிறதா?
6. எச்.டி.எம்.ஐ. வழியாக வேறு திரை இணைகிறதா?
7. தொடுபலகையும் ஒவ்வொரு விசையும் வேலை செய்கின்றனவா?

பின்னர் முனையத்தைத் திறந்து, எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளையைக் கே என்னும் குறியுடன் இடுங்கள். உள்ளிருக்கும் சில்லுகளின் பெயர்களும், எதற்கு எந்த இயக்கி இயங்குகிறது என்பதும் வரிசையாகத் தோன்றும். இயக்கியின் பெயர் காணாத இடத்தில் கேள்வி எழுப்புங்கள். இந்தச் சோதனையை மறுக்கும் கடைக்காரரிடம் வணக்கம் கூறி, அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.

இளைஞர்களே! இறுதியாக ஒரு வேண்டுகோள். படிப்பகத்தில் ஒரு பதிவேடு தொடங்குங்கள். யார் எந்தக் கணினியைச் சோதித்தாலும், அதன் மாதிரி எண், வைஃபை சில்லின் பெயர், நிறுவிய லினக்ஸ் பதிப்பு, இயங்கியது எது, இயங்காதது எது என்பவற்றை நாளிட்டு எழுதி வையுங்கள். ஒருவர் செலவிட்ட அரை மணி நேரம், அடுத்து வரும் பத்துப் பேரின் பணத்தைக் காக்கும். லினக்ஸின் கருவும் இவ்வாறே வளர்ந்தது; தாம் கண்டதை ஒவ்வொருவரும் எழுதிச் சேர்த்தார்கள். அடுத்த முறை சங்கம் கணினி வாங்கப் புறப்படும் வேளையில், விற்பவரின் வாய்மொழியை நம்பிச் செல்ல வேண்டிய நிலை நமக்கு இருத்தல் ஆகாது. நம் கையெழுத்தில் நாமே எழுதிய பதிவேடு நம்மோடு கடைக்கு வர வேண்டும்.