சாப்பிட்டுக் குறைப்போம், வளர்த்துப் பெருக்க வேண்டாம்

(ஏற்காடு மலைக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில், வாழ்வாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாழவந்தி, நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம் என்று மலை முழுக்க இருந்து வந்திருக்கீங்க. இன்னிக்கு மீனைப் பத்திப் பேசப் போறோம்னு சொன்னதும் சில பேர் சிரிச்சீங்க. "காப்பியும் மிளகும் பேசினா சரி, மலையில இருக்கிற நமக்கும் மீனுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டீங்க. நியாயமான கேள்விதான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுவோம்.

நம் சேர்வராயன் மலை தண்ணீரின் தலைமாடு. சரபங்கா இங்கேதான் பிறந்து ஓமலூர், எடப்பாடிப் பக்கம் போய் காவிரியில் சேர்கிறது. திருமணிமுத்தாறு இங்கே பிறந்து சேலம் நகருக்குள் ஓடுகிறது. வாணியாறு அந்தப் பக்கம் தர்மபுரி மாவட்டத்துக்கு இறங்குகிறது. ஏற்காடு ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணிதான் கிளியூர் நீர்வீழ்ச்சியா விழுது. கீழே இருக்கிற மீன் அருவி ஏறி மேலே வராது. மேலே கொண்டு வருவது மனுஷங்கதான். ஆனா மேலே ஒரு குட்டையில விட்ட மீன், ஒரு பெருமழையில கீழே போயிடும். போனதைத் திருப்பிக் கூப்பிட முடியாது. அதனால்தான் இந்தப் பேச்சு நமக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு. பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கக் கடன் கேட்டு குழுக்களில் பேச்சு எழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் எந்த மீன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

தண்ணிக்குள் ஒரு உன்னிச்செடி

உன்னிச்செடியை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூ அழகா இருக்குன்னு வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குக் கொண்டு வந்தது. இப்போ காட்டோரம் எல்லாம் அதுதான். ஆடு மாடு வாய் வைக்காது, அதுக்கடியில புல்லும் வராது. தண்ணிக்குள்ளேயும் இந்த மாதிரி வந்தேறிகள் இருக்கின்றன.

முதலாவது, நாம் எல்லோரும் சாப்பிட்ட ஜிலேபி மீன். ஜிலேபி கெண்டை என்றும் சொல்வோம். புத்தகத்தில் திலேப்பியா. இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் பக்கம். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஏழைகளுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ஏழே வருஷத்தில், 1959-இல், இதை மேலும் பரப்ப வேண்டாம் என்று மீன்வள ஆராய்ச்சிக் குழு முடிவு எடுத்தது. அதற்குள் அது குளம் குளமாகப் போய்விட்டது. இன்று மேட்டூர் அணையிலும் ஜிலேபி இருக்கிறது. உடுமலைப் பக்கம் அமராவதி அணையில் வலையில் விழுவதில் பெரும்பங்கு அதுவாகவே ஆன காலமும் உண்டு.

எப்படி இவ்வளவு பெருகுச்சு? தாய் மீன் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரிந்த பிறகும் ஆபத்து வந்தால் வாய்க்குள் அழைத்துக்கொள்ளும். அதனால் நிறைய குஞ்சு பிழைக்கும். பிறந்து இரண்டு மூன்று மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். வருஷத்துக்குப் பல ஈடு குஞ்சு விடும். குளம் நிறைஞ்சு போனா இரை பத்தாம எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்னுடும். மற்ற மீன்களுக்கும் இரை போச்சு, இடமும் போச்சு.

அயிரை, ஆரால், விரால், நாட்டுக் கெளுத்தி இவையெல்லாம் குறைஞ்சு போச்சுன்னு பெரியவங்க சொல்றாங்க. அதுக்கு இந்த மீன் மட்டும் காரணம் இல்லை. சாக்கடைத் தண்ணி, சாயத் தண்ணி, மணல் அள்ளுவது, ஏரி வற்றுவது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் நொந்து கிடக்கிற நாட்டு மீனுக்கு மேலும் ஒரு போட்டி, இந்த வந்தேறி.

சாப்பிட்டே குறைக்க முடியுமா?

உன்னிச்செடியைத் தின்ன முடியாது. மீனைத் தின்னலாமே! அப்போ ஆளாளுக்குப் பிடிச்சுக் குழம்பு வெச்சா தீர்ந்து போகாதா? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை.

அமெரிக்காவில் புளோரிடா கடலில் 1985-இல் சிங்கமீன் என்ற நம் பக்கத்துக் கடல் மீன் முதலில் தென்பட்டது. முதுகில் விஷ முள். அங்கே அதைத் தின்ன பெரிய மீன் எதுவும் பழகவில்லை. பவளப்பாறையில் இருந்த சின்ன மீனையெல்லாம் அது தின்று தீர்த்தது. 2010-இல் அந்த நாட்டு அரசே "சிங்கமீனைச் சாப்பிடுங்கள்" என்று பிரச்சாரம் செய்தது. முள்ளை வெட்டிவிட்டால் சதை நல்ல ருசி. என்ன ஆச்சு? விடாமல் பிடித்த இடங்களில் குறைந்தது. பிடிப்பதை நிறுத்தினால் மறுபடி வந்தது. ஆள் இறங்க முடியாத ஆழத்தில் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று கேளுங்க. நாம் குளத்தில் ஆசையாக வளர்க்கிற வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் அமெரிக்க ஆறுகளில் வந்தேறிகள்! குளத்துப் பாசியையும் களையையும் தின்னட்டும் என்று கொண்டு போனார்கள். தப்பி ஆற்றில் சேர்ந்துவிட்டன. அங்கே ஜனங்கள் அதை வாங்கவில்லை என்று, 2022-இல் இல்லினாய்ஸ் மாநிலம் அந்த மீன்களுக்குக் 'கோப்பி' என்று புதுப் பெயரே வைத்தது. ஓர் ஊரில் வளர்ப்பு மீன், இன்னோர் ஊரில் தொல்லை. மீன் மேல் குற்றமில்லை. எடுத்துக்கொண்டு போய் விட்டவர்கள் யோசிக்கவில்லை.

நம் ஊர்க் கணக்கையும் பாருங்க. ஜிலேபியை நாம் எழுபது வருஷத்துக்கு மேலே சாப்பிடுகிறோம். தீர்ந்ததா? இல்லை. ஆனால் தினம் வலை போடுகிற இடத்தில் அது எல்லை மீறாமல் நிற்கும். ஆகவே, சாப்பிட்டுக் குறைக்கலாம், அடக்கி வைக்கலாம். சாப்பிட்டே ஒழிக்க முடியாது. இதுதான் உள்ளபடியான பதில்.

ருசி கண்டால் ஆபத்து

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு மீனுக்குக் கிராக்கி வந்துவிட்டால், பிடித்து விற்பவர் மட்டும் வரமாட்டார். வளர்த்து விற்பவரும் வருவார். அப்போ குறைக்கப் போன மீன் கூடிப் போகும்.

ஆப்பிரிக்கன் கெளுத்தி அப்படித்தான் பரவியது. தேளி மீன் என்றும் சொல்லி விற்பார்கள். நாட்டு ரகம் சின்னதாக இருக்கும். இது கிலோ கணக்கில் வளரும். கோழிக் கழிவு, இறைச்சிக் கழிவு எதைப் போட்டாலும் தின்னும். தண்ணி இல்லாமல் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழை ராத்திரியில் ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். போன இடத்தில் மற்ற மீனையும் குஞ்சையும் விழுங்கும். 1997-லேயே மத்திய அரசு இதை அழிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் தடை என்று சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் இதை வளர்ப்பதும் விற்பதும் கூடாது. இருந்தும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். காரணம் ஒன்றுதான், வாங்க ஆள் இருக்கிறது.

ஆகவே, ஜிலேபிக்கு ஒரு நியாயம், ஆப்பிரிக்கன் கெளுத்திக்கு இன்னொரு நியாயம். ஏற்கெனவே அணையிலும் ஏரியிலும் பெருகிக் கிடக்கிற ஜிலேபியைப் பிடித்து வந்தால் தாராளமாக வாங்குவோம். ஆப்பிரிக்கன் கெளுத்தியைக் காசு கொடுத்து வாங்கவே கூடாது. நாம் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் அடுத்த குட்டைக்கு முதலீடு. "கம்மி விலையில் குஞ்சு தர்றோம், ஆறு மாசத்துல லாபம்" என்று யாராவது குழுவைத் தேடி வந்தால், கடன் தீர்மானம் போடும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பிடிபட்டால் மீனை அழித்துவிடுவார்கள். மீன் போனாலும் வங்கிக் கடனும் வட்டியும் குழுவின் தலையில்தான் நிற்கும்.

கண்ணாடித் தொட்டி மீனும் அப்படியே. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்குகிற சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. வளர்ந்ததும் வைக்க இடமில்லாமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் அது சேர்ந்துவிட்டது. உடம்பெல்லாம் ஓடு மாதிரி இருக்கும். வலையைக் கிழிக்கும். நம் சந்தையில் யாரும் வாங்குவதில்லை. எல்லா வந்தேறியையும் குழம்பு வைத்துத் தீர்க்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

அடுப்படியில் நம் பங்கு

ஜிலேபியில் சேற்று வாடை வருதுன்னு சில பேர் ஒதுக்குறாங்க. வயிற்றுக்குள் கறுப்புச் சவ்வு ஒன்று இருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணியில் கொஞ்ச நேரம் ஊற வைத்துக் கழுவினால் வாடை போய்விடும். முதுகுத் துடுப்பு முள் கையைக் குத்தும், முதலில் அதை நறுக்கிவிடுங்கள். பெரிசு குழம்புக்கு, நடுத்தரம் நம் மிளகு தட்டிப் போட்டு வறுவலுக்கு, சின்னது கருவாட்டுக்கு. நூறு கிராம் சதையில் சுமார் 20 கிராம் புரதம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நல்லது. பெரிசை மட்டும் வாங்கிச் சின்னதை ஒதுக்கினால், அந்தச் சின்னதுதான் அடுத்த மாசம் தாய் மீன். சின்னதையும் வாங்கிப் பழகுவோம்.

கருவாடு போடுகிற குழுக்கள் குடலை எடுத்து, உப்புப் போட்டு, தரையில் பரப்பாமல் வலைப் பந்தலில் காயவையுங்கள். மண் ஒட்டாது, நல்ல விலை போகும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சின்ன மீன் வேண்டும் என்று ஆற்றிலும் ஓடையிலும் கொசுவலை போடாதீர்கள். நாட்டு மீன் குஞ்சும் சேர்ந்து போய்விடும். அதெல்லாம் சொந்தக் குட்டையில் மட்டும்.

குழுக்களில் தீர்மானம் போட வேண்டியவை

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இவற்றைப் படித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒன்று: ஆப்பிரிக்கன் கெளுத்தியை வாங்க மாட்டோம், வளர்க்க மாட்டோம், அதற்குக் குழுக் கடன் கொடுக்க மாட்டோம். எங்காவது வளர்ப்பது தெரிந்தால் மீன்வளத் துறைக்குச் சொல்வோம்.

இரண்டு: எந்த மீனையும் உயிரோடு மலைக்குக் கொண்டு வர மாட்டோம். அறுத்த மீனாகத்தான் வாங்குவோம். வளர்ப்புக்குக் குஞ்சு எடுத்தால் துறையின் ஆலோசனையோடு எடுப்போம். மேம்படுத்தின திலேப்பியா ரகம் வளர்க்கவும் முறைப்படி அனுமதி வேண்டும்.

மூன்று: குட்டை வழிகிற வாய்க்கு வலைத் தடுப்பு போடுவோம். ஜிலேபி புகுந்த குட்டையைக் கோடையில் முழுசா இறைத்து, பெரிசு சிறிசு எல்லாம் பிடித்து, தரை வெடிக்கும் வரை காயவிடுவோம்.

நான்கு: தொட்டி மீனை ஏரியிலும் கிணற்றிலும் ஓடையிலும் விடக் கூடாது என்று பிள்ளைகளுக்கும், வந்து போகிற சுற்றுலாக்காரர்களுக்கும் சொல்வோம்.

சகோதரிகளே, உன்னிச்செடி வந்தபோது நம் பாட்டிமாரை யாரும் கேட்கவில்லை. இன்று ஒரு மீனை வாங்குவதா வேண்டாமா, ஒரு குட்டைக்குக் கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். சந்தையில் பை பிடிக்கிற கையும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிற கையும் நம்முடையது. பார்த்துச் செய்வோம். கீழே இருக்கிறவங்களுக்கு நல்ல தண்ணியும் நாட்டு மீனும் போய்ச் சேரட்டும்.