இணையத்தில் ஒரு தோணிப் பயணம்

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று போற்றுவது நம்மவர் வழக்கம். முழுநிலவு இரவில், காற்று அடங்கிய வேளையில், கல்லடிப் பாலத்தை அண்டிய வாவியிலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையிற் செவியை வைத்தால் மெல்லிய இசையொலி கேட்கும் என்பர். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்தபோது இவ்வோசையைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது நூலில் அதனை விவரித்தும் உள்ளார். ஊரி எனப்படும் நீர்வாழுயிரே அதனை எழுப்புவது என்று மீனவர் அவருக்குக் கூறினர். பாடுவது மீனா, ஊரியா என்ற வினா இன்னும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

இவ்வோசையைக் கேட்க விரும்பியோர் முன்னாளில் கரைக்கு வந்து, தோணிக்காரரைக் கண்டு, கூலி பேசி ஏறினார்கள். இந்நாளைய உல்லாசப் பிரயாணியோ பெர்லின் நகரிலோ மெல்பேர்ண் நகரிலோ இருந்தவாறே கைத்தொலைபேசியிற் பயணங்களைத் தேடி, நாளைக் குறித்து, கடனட்டையினாற் பணத்தையும் செலுத்திவிடுகிறார். 1995இல் தொடங்கப்பெற்ற வியேட்டர், 2009இல் தொடங்கப்பெற்ற கெட்யுவர்கைட் முதலியன இவ்வாறு பயணங்களைத் திரட்டி விற்கும் இணையச் சந்தைகள். இச்சந்தையில் நமது தோணிக்காரர் ஒருவர் தம் பயணத்தையும் முற்பதிவுக்கு வைக்க விரும்பினால் எவற்றையெல்லாம் கருதவேண்டும்?

முதலாவது, பயணத்துக்கு இடும் பெயர். ‘பாடும் மீன்களைக் கேளுங்கள்’ என்று எழுதினால் பலர் கவரப்படுவர் என்பது உண்மை. ஆயினும் அவ்வோசை எல்லா இரவிலும் கேட்பதில்லை. காற்றெழுந்தாலும் அலையடித்தாலும், பாலத்தின்மேல் வாகனங்கள் இரைந்தாலும் செவிக்கு எட்டாது போகலாம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் கடந்து வந்தவர் ஒன்றுங் கேளாமல் திரும்பினால், தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். ‘முழுநிலவில் மட்டக்களப்பு வாவியில் துடுப்புத் தோணிப் பயணம்’ என்று பெயரிட்டு, பாடுமீன் ஓசையைக் கேட்க முயல்வோம், அது கேட்பது இயற்கையின் கையிலுள்ளது என்று விளக்கத்தின் தொடக்கத்திலேயே எழுதுவது நேர்மையாகும். நிலவொளியில் வாவியைச் சுற்றும் இன்பமோ நிச்சயமாகக் கிடைக்கும். அதனையே விற்பனைப் பொருளாக வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, இடமும் நேரமும். கல்லடிப் பாலத்தருகே வருக என்றால் அந்நியர் திகைப்பர். அங்கே 1924இல் திறக்கப்பட்ட பழைய பாலமும் உண்டு, அண்மைக்காலத்திற் கட்டப்பட்ட புதிய பாலமும் உண்டு. எந்தப் பாலம், நகரப் பக்கமா கல்லடிப் பக்கமா, எந்த அடையாளத்தின் அருகே என்பவற்றைத் தெளிவாகக் குறித்து, இணைய நிலப்படத்திலும் அவ்விடத்தைப் புள்ளியிட்டுக் காட்டவேண்டும். வாக்கியங்கள் சிறியனவாக இருத்தல் நலம். இயந்திரம் அவற்றைப் பிற மொழிகளிற் பெயர்க்கும்போது பொருள் சிதையாது.

மூன்றாவது, நாட்காட்டி. வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களைத் தொடக்கத்திலேயே மூடிவிடவேண்டும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை ஆறு மாதங்கள். மாதந்தோறும் பூரணையும் அதன் முன்னும் பின்னும் இவ்விரண்டு இரவுகளும். கூட்டினால் ஏறத்தாழ 30 இரவுகள். தோணியில் நால்வருக்கே இடமெனின் ஆண்டு முழுவதுக்கும் விற்கக்கூடிய இருக்கைகள் 120 மாத்திரமே! ஒரே இருக்கையை ஒரு தளத்தில் ஜெர்மனியரும், மற்றொரு தளத்தில் பிரான்சியரும், தொலைபேசி வழியாக உள்ளூர் விடுதிக்காரரும் பெற்றுவிட்டால், கரையில் நிற்கப்போகும் இருவருக்கு என்ன விடை சொல்வது? ஆகையால் எத்தனை தளங்களில் விற்றாலும் நாட்காட்டி ஒன்றே என்பதை விதியாகக் கொள்ளவேண்டும். தளங்களின் நாட்காட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வசதி இல்லாவிடின், இரு இருக்கைகளை ஒரு தளத்துக்கும் இரண்டை நேரில் வருவோர்க்கும் எனப் பிரித்து வைத்தல் தகும். பயணத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னரே முற்பதிவு மூடப்படவும் ஏற்பாடு செய்யலாம்.

நான்காவது, விலை. பயணத்தை முன்கூட்டி விலைகூறி விற்பது புதுமையன்று. இங்கிலாந்தில் தோமஸ் குக் 1841ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆந் திகதி லெஸ்டர் நகரிலிருந்து லவ்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு சிலிங் கட்டணத்தில் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். இன்றைய சந்தையிலோ தரகு கழியும். நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை அது அமைவதுண்டு. ஒருவர்க்கு 3,000 ரூபா என விதித்து, நூற்றுக்கு 25 தரகு கழிந்தால் எஞ்சுவது 2,250 ரூபா. தோணிக்கும் துடுப்பு வலிப்போருக்கும் 2,000 ரூபாவும், தேநீர் முதலியவற்றுக்கு 500 ரூபாவும் செல்லுமாயின், ஒருவரை மட்டும் ஏற்றிய இரவில் 250 ரூபா நட்டம். குறைந்தது இருவர் என்ற நிபந்தனையின் தேவை இக்கணக்கினால் விளங்கும். கட்டணத்தில் எவை அடங்கும், எவை அடங்கா என்பதையும் எழுதுதல் வேண்டும். கரைக்கு வந்த பின்னர் மேலதிகப் பணம் கேட்பது மானக்கேடு.

ஐந்தாவது, பாதுகாப்பும் பயணத்தைக் கைவிடும் முறையும். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்குவது. வேண்டிய பதிவுகளை அங்கு விசாரித்தறிந்து பெறுவதும், காப்புறுதி செய்வதும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி வைப்பதும் விளம்பரம் எழுதுமுன் முடிக்கவேண்டிய காரியங்கள். 24 மணி நேரத்துக்கு முன் அறிவித்தாற் பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்பது இத்தளங்களிற் பெருவழக்கு. காற்று மிகுந்த இரவில் தோணிக்காரரே பயணத்தை நிறுத்துவார், அப்போதும் பணம் திரும்பும் என்று எழுதிவைத்தல் அவசியம். அவ்வாறு எழுதாதவர், பெற்ற பணத்தின்பொருட்டுத் தகாத இரவிலும் தோணியை இறக்கத் துணிவர். அத்துணிவு உயிருக்கே உலைவைக்கும்.

தோணிக்காரரின் முகத்தை அறியாத ஒருவர், அவர் எழுதிய சில வரிகளை நம்பிக் கடல் கடந்து வருகிறார். வந்தவர் தாம் கண்டதைத் திரும்பிச் சென்று அதே தளத்தில் எழுதுவார். அடுத்து வருவோர் அதைப் படிப்பர். சொன்ன நேரத்திற் சொன்ன கரையிற் சொன்ன விலைக்குத் தோணி காத்து நின்றால், மீன் பாடாத இரவிற்கூட அத்தோணிக்காரரின் பெயர் கெடாது.