பேர் தெரியாத பாட்டுக்காரிகள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவ பீடத்தில் சேர்ந்த முதல் வாரம், எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் "நுவரெலியா" என்றேன். ராகலை என்று சொல்லவில்லை. லயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தேயிலை மலைக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்றே அன்று நினைத்திருந்தேன்.

சி. வி. வேலுப்பிள்ளையைப் பிறகுதான் வாசித்தேன். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்களித்த சனங்களில் மிகப் பெரும்பாலோருக்கு அடுத்த தேர்தலில் வாக்கில்லை. அவர் ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். அதோடு நம் சனங்களின் வாய்ப்பாட்டுகளையும் தேடித் தொகுத்தார். எனக்கு அந்தத் தொகுப்புத்தான் பெரிது.

அவருக்கு வெகு முன்னரே, 1869இல், ஆபிரகாம் ஜோசப் என்பவரின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சில் வந்தது. கும்மி பெண்களின் ஆட்டம். அதில் ஏறியதோ கோப்பிப் பயிர்ச்செய்கையின் பெருமை. கோப்பியை அழித்த இலைநோய் இங்கே தெரியவந்ததும் அதே 1869இல்தான்!

மேடையேறிப் பாடிய பெண் மீனாட்சியம்மாள். கணவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளரின் குறைகளைப் பாட்டாகவே சொன்னார். 1940இல் அவர் பாட்டுகள் நூலாயின. நாம் படித்த காலத்தில் இவர் பேரை வகுப்பில் கேட்டதாக யாருக்காவது நினைவிருக்கிறதா? எனக்கில்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். மறதிநோயோடு ஒரு பாட்டியை அழைத்து வந்தார்கள். பெற்ற மகளின் பேரே அவருக்கு வரவில்லை. ஆனால் ஒரு தாலாட்டைத் தொடக்கம் முதல் கடைசிவரை பாடினார். இப்படி நடப்பது எங்கள் துறையில் புதிதல்ல. ஆனாலும் நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, அடுத்த நோயாளியைக் காக்கவைத்துக் கேட்டேன்.

"யாரு பாட்டு அம்மாயி இது?"

"எங்க அப்பாயி கட்டினது."

"அவங்க பேரு?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

மகளின் அனுமதியோடு அந்தத் தாலாட்டை எழுதி வைத்தேன். இன்று பாடசாலை நூலகத்துக்கு ஒரு பெரிய கொப்பி கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பாடியதை அதில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் குரலில் பதிந்து அனுப்பினாலும் போதும். பாடியவர் பேரையும் தோட்டத்தையும் மறக்காமல் போடுங்கள். முதல் பக்கத்தில் அந்தத் தாலாட்டு இருக்கிறது. கட்டியவர் பேருக்கு ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன்.