பனி நாட்டில் எண்ணெய்ச் சிக்கனம்

கனடாவின் வடபால், யெல்லோநைஃப் நகருக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வடகிழக்கே, ஏரித் தீவொன்றில் தோண்டப்பட்டது டயாவிக் வைரச் சுரங்கம். மின்கம்பி அங்கே எட்டாது. ஆண்டு முழுமைக்கும் வேண்டிய டீசலை, உறைந்த ஏரிகளின் மீதான பனிச்சாலை வழியே ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் சேர்த்தாக வேண்டியிருந்தது. 2006இல் குளிர் குன்றிச் சாலை முன்னதாகவே மூடிற்று. எண்ணெயை வானூர்தியில் சுமந்தனர். செலவை எண்ணிப் பாருங்கள்!

டீசல் எஞ்சின் எண்ணெயின் ஆற்றலில் 100க்கு 40 பங்களவே மின்சாரமாக்கும், மீதி வெப்பமாகிவிடும். அவ்வெப்பத்தைப் பிடித்துக் கட்டடங்களைச் சூடாக்கினர்.

குறைந்த சுமையில் எஞ்சினை ஓட்டுவதும் நஷ்டமே. பள்ளி விடுதிக் கிணற்றில், சிறு பம்புக்குப் பெரிய ஆயில் எஞ்சினைப் பூட்டி நானே ஏமாந்ததுண்டு. கரும்புகையும் பிசுக்குமே கண்ட பலன். 6 எஞ்சின்கள் அரைச் சுமையில் ஓடுவதைவிட 4 எஞ்சின்கள் முக்கால் சுமையில் ஓடுவது சிக்கனம், வேலை ஒன்றே. ஆனால் நான்கில் ஒன்று நின்றால், மற்ற மூன்றும் முழுச் சுமையையும் தாங்கவேண்டும். அக்கடுங்குளிரில் மின்சாரம் அறுந்தால் உயிருக்கே ஆபத்தன்றோ? ஆதலின் ஒன்று எப்போதும் ஆயத்தமாக நிற்க வேண்டும்.

2012இல் அங்கே 4 காற்றாலைகள், மொத்தம் 9.2 மெகாவாட், இயங்கத் தொடங்கின. காற்று வலுத்தால் எஞ்சின்களின் சுமை இறங்கும். உடனே ஒன்றிரண்டை நிறுத்தாவிடில் பழைய நஷ்டமே. இறகுகளில் பனி படியாதிருக்க அவற்றையும் சூடேற்ற வேண்டியிருந்தது.