கொடியை எரிப்பது குற்றமா?

(சுதந்திர தினத்தன்று நம் குடியிருப்பில் கொடியேற்றம் முடிந்ததும் பேசியது. அன்று ஊரில் இல்லாதவர்களும் படிக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுக்கிறேன்.)



கொடி ஏற்றியாயிற்று, மிட்டாயும் கொடுத்தாயிற்று. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் சுதந்திரப் போராட்டம் பற்றிப் பேசுவார்கள். நான் போன வருடம் நம் வளாகத்தில் நடந்த ஒரு விஷயத்தைப் பேசப் போகிறேன். அதில் தவறு செய்தவர்களில் நானும் ஒருவன்.

போன ஆகஸ்டில் எல்லா வீட்டு பால்கனியிலும் கொடி கட்டினோம். கட்டியதோடு சரி, இறக்க மறந்துவிட்டோம். மலையிலிருந்து அடிக்கிற காற்று நம் ஊரில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பத்து நாளில் பாதிக் கொடிகள் கிழிந்து கார் நிறுத்துமிடத்தில் கிடந்தன. நம் வளாகத்தைப் பெருக்கும் அக்கா அவற்றைப் பொறுக்கி, பின்பக்கச் சுவர் ஓரம் வைத்துக் கொளுத்தினார். பாலியஸ்டர் துணி அல்லவா, கரும்புகை வந்தது. மேல்மாடியிலிருந்து யாரோ வீடியோ எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த அரை மணி நேரத்தில் நாற்பது பதிவுகள். "தேசியக் கொடியை எரிக்கிறாள், போலீஸில் சொல்ல வேண்டும்" என்று முதலில் எழுதியவன் நான்தான். இன்று அதை எல்லோர் முன்பும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் அந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் சொன்னது இதுதான்: "குப்பை வண்டில போட மனசு ஒப்பல சார். வீட்டுல சாமி படம் பழசாயிட்டா தண்ணில விடுவோம், இல்லன்னா நெருப்புல போடுவோம். இதையும் அப்படித்தான் நெனச்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று ராத்திரி சட்டத்தை எடுத்துப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தேசிய கௌரவத்துக்கு அவமதிப்பு இழைப்பதைத் தடுக்கும் சட்டம் 1971-இல் வந்தது. பொது இடத்திலோ, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ தேசியக் கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, சொல்லாலோ செயலாலோ அவமதிப்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: கொடியையோ அரசியல் சாசனத்தையோ சட்டப்படி மாற்ற வேண்டும் என்று விமர்சித்துப் பேசினால் அது குற்றமில்லை.

அடுத்து 2002-இல் நடைமுறைக்கு வந்த கொடி விதித் தொகுப்பைப் பார்த்தேன். கொடி கிழிந்தோ அழுக்காகியோ போனால் கண்ட இடத்தில் எறியக் கூடாது. தனிமையில், முழுமையாக, முடிந்தவரை எரித்தே அழிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆக, நாம் புகார் கொடுக்க நினைத்த அக்கா விதியில் உள்ளதைத்தான் ஏறக்குறைய செய்திருக்கிறார். பால்கனியில் கிழியவிட்ட நாம்தான் விதியை மீறியவர்கள்.

அப்படியென்றால் நெருப்பு இரண்டு வகை. மரியாதையாக எரிப்பது ஒன்று, கோபத்தில் எரிப்பது ஒன்று. தீ ஒன்றுதான், மனதுதான் வேறு. இந்த மனதைத்தான் நீதிமன்றமும் பார்க்கிறது. 2013 கிறிஸ்துமஸ் அன்று கோவையில் ஒரு விழாவில் மூவர்ணமும் அசோகச் சக்கரமும் போட்ட கேக்கை வெட்டினார்கள். கொடியை அவமதித்தார்கள் என்று புகார் போனது. 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அது குற்றமில்லை என்று வழக்கை முடித்தார். அங்கே கூடியிருந்தவர்கள் நாட்டை அவமதிக்கும் எண்ணத்தோடு கூடவில்லை என்பதுதான் முக்கியமான காரணம்.

சரி, கோபத்தில் எரிப்பவரை என்ன செய்வது? கஷ்டமான கேள்வி இதுதான்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம், நம் மாநிலத்திலேயே பதில் தேடலாம். 1955-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிப்போம் என்று பெரியார் அறிவித்தார். அப்போது முதலமைச்சர் நம் விருதுநகர் காமராஜர். இந்தி திணிக்கப்படாது என்று அவர் உறுதி கொடுத்தார். பெரியார் போராட்டத்தைத் தள்ளிவைத்தார். கொடி எரியவில்லை.

இரண்டே வருடம் கழித்து, 1957-இல், சாதியைக் காப்பாற்றும் பிரிவுகள் இருக்கின்றன என்று சொல்லி அரசியல் சாசனத்தை எரிக்கப் போவதாக அதே பெரியார் அறிவித்தார். முதலமைச்சரும் அதே காமராஜர்தான், அந்த வருடம் நம் பக்கத்துச் சாத்தூரில் நின்று ஜெயித்தவர். இந்தத் தடவை அரசு அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. எரித்தால் மூன்று ஆண்டு வரை சிறை. என்ன நடந்தது? நவம்பர் 26 அன்று மாநிலம் முழுக்க எரித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். சிலர் சிறையிலேயே நோயுற்று இறந்தார்கள்.

பெரியாரின் கருத்தை ஏற்பவர்களும் இங்கே இருப்பீர்கள், ஏற்காதவர்களும் இருப்பீர்கள். நான் அதற்குள் போகவில்லை. இரண்டு வருடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு தடவை, ஏன் கோபம் என்று கேட்டுப் பதில் சொன்னார்கள், கொடி தப்பியது. இன்னொரு தடவை சிறை என்று சொன்னார்கள், சாசனம் எரிந்தது.

இதற்கு முந்திய கதை ஒன்றும் இருக்கிறது. திருப்பூர் குமரன் 1932 ஜனவரியில் அடி வாங்கி இறந்தபோது கையில் கொடி இருந்தது. அன்றைய அரசுக்கு அந்தக் கொடியைப் பிடித்து ஊர்வலம் போவதே குற்றம். கொடியை மதிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சட்டம் போடவில்லை. சட்டம் அவருக்கு எதிராக இருந்தது, அப்படியும் கொடியைக் கீழே விடவில்லை. அந்த மரியாதையை எந்தச் சட்டத்தாலும் உண்டாக்க முடியாது.

அமெரிக்காவில் 1984-இல் டல்லாஸ் நகரில் ஒருவர் அவர்கள் நாட்டுக் கொடியை எரித்தார். 1989-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், அதுவும் ஒரு கருத்து வெளிப்பாடுதான், தண்டிக்க முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் நால்வர் ஒப்பவில்லை என்பதையும் கவனியுங்கள். அவ்வளவு எளிதான கேள்வி இல்லை இது.

நம் உச்ச நீதிமன்றம் 2004-இல் நவீன் ஜிந்தால் வழக்கில், கொடியை மரியாதையோடு பறக்கவிடுவது குடிமகனின் கருத்துரிமையில் சேரும் என்றது. நாம் இன்று வீட்டில் கொடி கட்டுவதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். ஏற்றுவது ஒரு பேச்சு என்றால், எரிப்பதும் ஒரு பேச்சுதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

சட்டம் வேண்டும் என்பவர்களின் வலுவான வாதத்தை நம் குடியிருப்பிலேயே கேட்டேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொன்னார்: "கொடி போர்த்திய பெட்டியை ஒரு தாயிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதே கொடியைத் தெருவில் ஒருவன் எரித்தால், அது வெறும் துணி என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொல்வீர்களா?" மாட்டேன். நம் ஊர் நூல் மில்லிலிருந்து வருகிற நூல் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஆகிறது. நூல் வெறும் நூல்தான், ஆனால் காயத்தில் சுற்றிய பிறகு யாரும் அதைத் துணி என்று நினைப்பதில்லை. கொடியும் அப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அரசு முத்திரையில் பார்க்கும்போது நமக்கு வரும் பெருமிதமும் அப்படித்தான்.

ஆகவே என் கருத்து இது. கோபத்தில் கொடியை எரிப்பது தவறு, எனக்கு அது வலிக்கும். ஊரைத் தூண்டிவிட்டுக் கலவரம் செய்தால் அதற்குத் தண்டனை இருக்கட்டும். ஆனால் யாருக்கும் காயமில்லாமல், தன் கொடியைத் தானே எரித்தவருக்கு மூன்று வருடச் சிறை என்பது எனக்கு அதிகமாகத் தெரிகிறது. அவரிடம் 1955-இல் செய்ததைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். நண்பர் இதை ஒப்பவில்லை. இன்னும் தினமும் சேர்ந்துதான் நடைப்பயிற்சி போகிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒன்று. இப்படி ஒரு சட்டம் இருக்கும் ஊரில், விசாரிக்காமல் புகார் கொடுப்பது ஆபத்து. அன்று நான் எழுதியபடி நடந்திருந்தால் அந்த அக்கா ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார். ஜாமீனுக்கு யார் போயிருப்பார்கள்? வேலை என்னவாகியிருக்கும்? கடைசியில் வழக்கு நிற்காது என்று நமக்குத் தெரிந்திருக்கும். கோவை வழக்கு முடிய ஏழு வருடத்துக்கு மேல் ஆனது.

அக்காவிடம் போன வருடமே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டார். ஆனால் குழுவில் எல்லோர் முன்பும் எழுதியதற்கு எல்லோர் முன்பும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அக்கா, நான் செய்தது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

இனி சங்கம் முடிவு செய்திருப்பதைச் சொல்கிறேன். இன்று முதல் ஒரு வாரம் காவலர் அறையில் ஒரு பெட்டி இருக்கும். கொடியை இறக்கியதும் நல்லதாக இருந்தால் மடித்து வீட்டில் வையுங்கள், அடுத்த வருடம் ஆகும். கிழிந்திருந்தால் பெட்டியில் போடுங்கள். விதிப்படி தனியாக எரிப்பதை நிர்வாகக் குழுவே செய்யும், அந்த வேலையைப் பணியாளர் தலையில் கட்ட மாட்டோம். வாங்கும்போது முடிந்தவரை கதர்க் கொடியாக வாங்குங்கள். 2021 முதல் பாலியஸ்டரும் அனுமதிதான், ஆனால் அந்தப் புகையைப் போன வருடம் பார்த்தோமே.

கடைசியாக ஒன்று. வீடியோ எடுக்கும் முன்பு கீழே இறங்கிப் போய், "என்ன செய்றீங்க அக்கா?" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. ஜெய்ஹிந்த்.